சின்னதுரை பேரில் போன இரண்டு சீட்டுகள்

தம்பி,

நேற்றுக் காலை நீ அனுப்பிய செய்தியை மூன்று முறை படித்தேன். "அப்பா, ஃப்ளைட்டுக்கு இன்னும் நாலு வாரந்தான் இருக்கு. இந்த நேரத்துல இதப் பெருசாக்காதீங்க. அவனுக்கு ஏதாவது பாத்துச் செஞ்சிடலாம்" என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று தெருவுக்கு நாலு கார் நிற்கிறது. அந்த வீடுகளில் உன்னைப் போன்ற பிள்ளைகளும் என்னைப் போன்ற அப்பன்களும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும். இந்தக் கடிதத்தில் உன் பெயர் வராது. சின்னதுரையின் பெயர் வரும். போடலாமா என்று அவரிடமே கேட்டேன். "போட்டுக்குங்க சார். அதான் எல்லா எடத்துலயும் போட்டாச்சே" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால்தான் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

முதலில் அந்த 'அவன்' என்பதை விடு. சின்னதுரைக்கு உன்னைவிடப் பதினைந்து வயது அதிகம். ரஞ்சன்குடிக்காரர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அந்தக் குடும்பம் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனது. இவர் டிராக்டரில் ஏறி ஓட்டப் பழகி, முறைப்படி உரிமம் எடுத்து, பேட்ஜ் வாங்கி, காலையும் மாலையும் ஒரு தனியார் பள்ளியின் வேன், மற்ற நேரத்தில் கூப்பிடுகிறவர்களின் காருக்கு ஆக்டிங் டிரைவர் என்று இருபது வருஷம் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தவணையில் சொந்தமாக ஒரு குட்டி யானை வாங்கினார்; சந்தைக்குச் சரக்கு ஏற்றும் அந்தச் சின்ன வண்டிதான். உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க நாங்கள் ஊர் ஊராக அலைந்த பத்து நாளும் நம் காரை ஓட்டியவர் அவர். இருபது வருஷத்தில் அவருடைய உரிமத்தில் ஒரு குறிப்புகூட ஏறியதில்லை. உனக்கு அந்த உரிமம் வசதியாகப் போனது அதனால்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ அதைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய். உன் காருக்கு அடுத்தடுத்து மூன்று அபராதச் சீட்டுகள் வந்தன. முதலாவது அரியலூரில். கடைவீதியில் நிறுத்தக் கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு உன் அம்மாவோடு புடவைக் கடைக்குள் போனாய். இரண்டாவது, ஜெயங்கொண்டத்தில் உன் சித்தப்பா மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போய்த் திரும்பிய அன்று. பெரம்பலூர் நான்கு ரோடு சந்திப்பில் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டினாய், கேமரா எடுத்துவிட்டது. மூன்றாவது, நீ தனியாகச் சென்னைக்குத் திரும்பியபோது நெடுஞ்சாலையில் அளவுக்கு மீறிய வேகம். கார் இந்த வீட்டு விலாசத்தில் பதிவாகியிருப்பதால் மூன்று சீட்டும் என் மேசைக்குத்தான் வந்தன. மூன்றையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திய சீட்டுக்கு நீ அன்றைக்கே பணம் கட்டினாய். உன் பெயரில், எந்த முணுமுணுப்பும் இல்லாமல். மற்ற இரண்டுக்கும் வண்டியை ஓட்டியது சின்னதுரை என்று எழுதிக் கொடுத்தாய்.

எனக்கு வயிறு எரிவது இந்த இடத்தில்தான். மூன்றையும் அவர் தலையில் கட்டியிருந்தால், பையன் பயந்துபோய் யோசிக்காமல் செய்துவிட்டான் என்று மனதைத் தேற்றியிருப்பேன். நீ யோசித்திருக்கிறாய். எது உறைக்கும், எது உறைக்காது என்று விசாரித்திருக்கிறாய். போன மாதம் நான் கேட்டபோது நீயே விளக்கம் சொன்னாய். நீ போகிற நாட்டில் உன் நண்பன் ஒருவன் நாலு வருஷமாகக் கார் வைத்திருக்கிறானாம். அங்கே இன்சூரன்ஸ் எடுக்கும்போது பழைய அபராதங்களைக் கேட்பார்களாம். "டிக்கெட்டுக்கு டிக்கெட் வெயிட்டு வேறப்பா. பார்க்கிங்லாம் கணக்குலயே வராது. போனும் ஸ்பீடும் இருந்துச்சுன்னா சில வருஷத்துக்குப் பிரீமியம் ஏறிடும். குடிச்சிட்டு ஓட்டுனதுன்னா கம்பெனிக்காரன் கிட்டயே சேக்க மாட்டான்" என்றாய். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கியதைச் சொல்கிற குரலில் சொன்னாய். அதாவது, எடை இல்லாத சீட்டை நீ வைத்துக்கொண்டாய். எடை உள்ள இரண்டையும் பிரித்தெடுத்து, இன்னொரு மனிதரின் பிழைப்பு எதன் மேல் நிற்கிறதோ அந்த அட்டையின் மேல் வைத்தாய். இன்னும் வராத ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் ரசீதில் கொஞ்சம் குறையும் என்பதற்காக.

இதில் என் பங்கை நான் மறைக்கப் போவதில்லை. ஓட்டியவர் யார் என்று கேட்டு வந்த படிவத்தை நிரப்பி நீ எனக்கு அனுப்பினாய். பிரிண்ட் எடுத்துச் சின்னதுரையிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள் என்றாய். கடைக்குப் போய் எடுத்தேன். இரண்டு தாள். எதை எழுதினாலும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் அனுப்புவது என்று முப்பத்தைந்து வருஷம் செய்தித்தாளுக்கு வேலை பார்த்த நான், அந்த இரண்டு தாளையும் ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. சின்னதுரை பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "என்ன பேப்பர் சார்?" என்று கேட்டார். "நம்ம கார் விஷயம்தான்" என்றேன். வேன் கதவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிவத்தில் எழுதியிருந்தது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது என்று இப்போது சொல்கிறார். தம்பி கேட்டிருக்கிறார், சார் கொண்டுவந்திருக்கிறார், ஃபைனை அவர்களே கட்டிவிடுவார்கள், நமக்கென்ன என்று நினைத்தாராம். நீ என்னிடம் "அவனே ஒத்துக்கிட்டான்" என்று சொல்கிறாயே, அந்தச் சம்மதத்தின் கதை இதுதான். நீட்டியது நான் என்பதால் அவர் போட்ட கையெழுத்து.

நம் பக்கத்தில் இது ஒரு வழக்கம். கார்க்காரர் வீட்டுப் பிள்ளை எங்காவது இடித்துவிட்டால், ஸ்டேஷனில் போய் நிற்பது டிரைவர். "கேஸ நான் எடுத்துக்கறேங்க" என்று அவரே முன்வந்து சொல்வார். முதலாளி அபராதத்தைக் கட்டிவிட்டு, கையில் கொஞ்சம் கொடுத்து, ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்து அனுப்புவார். அதை விசுவாசம் என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொள்வார்கள். பெரம்பலூர், அரியலூர் ஸ்டேஷன்களில் இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. விபத்துச் செய்தியில் டிரைவர் என்று போலீஸ் கொடுத்த பெயரை எழுதினேன். ஓட்டியது இவர்தானா என்று நான் கேட்டதில்லை. அப்போதெல்லாம் உரிமத்தில் எதுவும் ஏறாது, கம்ப்யூட்டர் கிடையாது, அபராதத்தோடு முடிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்போது எல்லாம் ஏறுகிறது. வழக்கம் மட்டும் மாறவில்லை.

இரண்டு சீட்டுக்கும் அபராதத்தை நீ கட்டினாய், உண்மை. அதோடு முடிந்தது என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து சின்னதுரைக்குப் பதிவுத் தபால் போனது. போன் பேசிக்கொண்டு ஓட்டியது, அதிவேகம், இரண்டையும் சேர்த்து மூன்று மாதத்துக்கு உரிமம் நிறுத்திவைக்கப்படுகிறது. அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்தார். நான் உனக்குப் போன் செய்தேன். "மூணு மாசந்தானப்பா, சம்பளத்த நான் போட்டு விட்டுடறேன்" என்றாய். ஒரு மாதம் போட்டுவிட்டாய். பிறகு விசா வேலை வந்தது, மறந்துபோனாய். பள்ளிக்கூடத்தில் உரிமம் நிறுத்தப்பட்ட ஆளை வேனில் வைக்க முடியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகளை ஏற்றுகிற வேன். வேறு ஆள் போட்டுக்கொண்டார்கள். அந்த ஆள்தான் இன்றைக்கும் ஓட்டுகிறார்.

மீதி இருந்தது குட்டி யானை. அதற்குத் தினக்கூலிக்கு ஒரு டிரைவர் வைத்து, இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனார். மூன்றாவது மாதம் ஒரு முகூர்த்த நாள். ரஞ்சன்குடி, வாலிகண்டபுரம் பக்கத்தில் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் கல்யாண வண்டிக்குப் போய்விட்டார்கள். வண்டியில் சின்ன வெங்காயம் ஏற்றியாகிவிட்டது, திருச்சி மார்க்கெட்டுக்குப் போக வேண்டும், வெங்காயக்காரர் வாசலில் நிற்கிறார். இவரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். செய்திருக்கக் கூடாது. அதை அவரே சொல்கிறார், நானும் சொல்கிறேன். வாலிகண்டபுரம் தாண்டுவதற்கு முன் சர்வீஸ் ரோட்டில் ஆட்டுமந்தை குறுக்கே வந்தது. ஒடித்தார். வண்டி பள்ளத்தில் சாய்ந்தது. ஆட்டுக்கும் அடியில்லை, மனிதருக்கும் அடியில்லை. வெங்காயம் ரோடெல்லாம் உருண்டது. வண்டியின் முன்பக்கம் நசுங்கி, சேஸிஸ் வளைந்துவிட்டது. துறைமங்கலத்தில் ஒரு பட்டறையில் இன்னும் அப்படியே நிற்கிறது. நான் போய்ப் பார்த்தேன். நீயும் பார்த்துவிட்டு ஃப்ளைட் ஏறு.

அந்த இடத்தில் நடந்த ஒன்றை நீ கேட்க வேண்டும். வண்டி கவிழ்ந்ததும் கூட்டம் கூடியது. சின்னதுரைக்குத் தெரிந்த ஒரு டிரைவர் அந்த வழியாக வந்திருக்கிறார். உரிமம் நிறுத்தத்தில் இருப்பது அவருக்குத் தெரியும். "அண்ணே, நான் ஓட்டுனேன்னு சொல்லிடறேன். இன்சூரன்ஸ் வந்துடும், பேசாம இருங்க" என்றிருக்கிறார். வழக்கப்படி நல்ல மனதோடு சொன்னதுதான். சின்னதுரை ஒத்துக்கொள்ளவில்லை. "ஓட்டுனது நானு. எழுதறதுன்னா எம்பேரத்தான் எழுதணும். பேரு குடுத்து நான் பட்டது போதும், நீ வேற எதுக்குடா" என்றாராம். உரிமம் இல்லாத நாளில் ஓட்டியதற்கு அவருக்கு ஒரு அபராதச் சீட்டு வந்தது. கட்டிவிட்டார். இந்தக் கதையில் அவருடையது என்று சொல்லக்கூடிய ஒரே சீட்டு அதுதான். கிளெய்ம் படிவத்தில் ஓட்டியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்து பார்த்தார், தேதியை ஒத்துப் பார்த்தார். விபத்து நாளில் ஓட்டுநருக்குச் செல்லத்தக்க உரிமம் இல்லை, எனவே இழப்பீடு தர இயலாது என்று கம்பெனி ஒரு வரியில் கடிதம் அனுப்பிவிட்டது.

நான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சாதிக் பாயைப் பார்க்கப் போனேன். நம் காருக்கும் சின்னதுரை வண்டிக்கும் இன்சூரன்ஸ் போடுகிற ஏஜென்ட், உனக்கும் தெரிந்தவர். நீ எதற்காக இப்படிச் செய்தாய் என்பதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், நம்ம ஊர்ல இன்னிக்கித் தேதிக்கி ஃபைன் வந்துச்சுன்னு பிரீமியம் தானா ஏறாது. தேர்ட் பார்ட்டி ரேட்டு கவர்மெண்டு வைக்கிறது. மத்தது கம்பெனி வைக்கிறது, அவன் பாக்குறது முக்கியமா நீங்க கிளெய்ம் போட்டீங்களா இல்லியாங்கறதத்தான். ஃபைனையும் சேத்துப் பாக்கணும்னு ரொம்ப நாளாப் பேச்சு நடக்குது, நாளைக்கி வந்தாலும் வரும். தம்பி போற நாட்டுல கேப்பான், சரி. ஆனா பெரம்பலூர் நாலு ரோட்டு ஃபைன அவன் எங்க போய்ப் பாக்கப் போறான்?" என்றார். அங்கே கேட்டாலும் தம்பியே தன் வாயால் சொன்னால்தான் தெரியும், அதற்குப் பயந்தா ஒரு டிரைவரைப் பிடித்தார் என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னதை நான் குறித்துக்கொண்டு வந்தேன். எல்லா அபராதமும் ஒன்று என்று ஜனங்கள் நினைக்கிறார்கள், அது தப்பு என்றார். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினால் அது வண்டியின் மேல் விழுகிற அபராதம், கட்டினால் போயிற்று. போன், வேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, இவையெல்லாம் ஆளின் மேல் விழுபவை. உரிமத்தை நிறுத்திவைக்கும் அளவுக்குப் போகும். உரிமம் நின்றுவிட்டால், அந்த நாட்களில் என்ன நடந்தாலும் இன்சூரன்ஸ் இருந்தும் இல்லாத மாதிரிதான். குடித்திருந்தாலும் அப்படியே. இன்னொன்றும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனிக்காரன் பிரீமியம் வாங்குறப்ப யாரு லைசென்ஸையும் கேக்க மாட்டான் சார். அவன் குடுக்குறப்பதான் கேப்பான்." இருபத்தெட்டு வருஷமாக ஏஜென்டாக இருக்கிறவர் இதைச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. சட்டப்படி கம்பெனி சரிதான். வருஷா வருஷம் தவறாமல் பணம் கட்டிய ஒருவரின் முகத்தில் ஒரு வரிக் கடிதத்தை எறிவதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. என் கோபம் அவர்கள் மேலும் இருக்கிறது. ஆனால் அந்த வரியை எழுதுவதற்கு அவர்களுக்குப் பேனா எடுத்துக் கொடுத்தவர்கள் நீயும் நானும்.

அடுத்த வாரம் சின்னதுரையின் மனைவி பழனியம்மாள் வந்தார். சின்னதுரைக்குத் தெரியாமல் வந்திருந்தார். உன் அம்மா காபி கொடுத்தாள், டம்ளரைத் தொடவில்லை. சண்டை போட வந்தவர் மாதிரியும் இல்லை. நீ எப்போது ஊருக்குப் போகிறாய், அங்கே குளிர் அதிகமா என்றெல்லாம் விசாரித்தார். பட்டறைக்காரர் வண்டியை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறார், தவணைக்காரர் வீட்டு வாசலில் வந்து உட்காருகிறார், இவர் இப்போது அடுத்தவர் லாரியில் கிளீனர் மாதிரிப் போய்வருகிறார் என்று, வேறு யாருடைய கதையையோ சொல்கிற மாதிரி சொன்னார். எழுந்தபோதுதான் அதைச் சொன்னார். "தம்பி லைசென்ஸு சலவ செஞ்ச வேட்டியாட்டம் வெள்ளையா இருக்குதாம்ல சார். நல்லது. எங்க ஊட்டுக்காரரு லைசென்ஸுலதான அந்தச் சேத்த தொடச்சிட்டுப் போனாரு." நான் பேச வாயெடுத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். பேப்பர நீங்கதான் கொண்டாந்தீங்கன்னு அவரு எங்கிட்டச் சொல்லவே இல்ல. எம் மவதான் பாத்துட்டுச் சொன்னா" என்றார். அவர் போன பிறகு உன் அம்மா இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. உன்னிடம் பேசினாளா என்று தெரியவில்லை.

நீ இதை எங்கே கற்றாய் என்று யோசித்தேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. நீ பிளஸ் டூ படித்தபோது அரியலூரில் இருந்தோம். என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய், ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பழ வண்டியில் இடித்தாய். உனக்கு உரிமம் எடுக்கும் வயதே ஆகவில்லை. பழக்காரருக்கு முழங்கையில் அடி, ஆரஞ்சுப் பெட்டி முழுக்கச் சாக்கடையில். நான் போனேன். ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் எனக்குப் பழக்கமானவர். "நாந்தான் சார் ஓட்டுனேன், பையன் பின்னாடி உக்காந்திருந்தான்" என்றேன். அவருக்குத் தெரியும். சிரித்தார். டீ சொன்னார். என் பெயரில் ஒரு சின்ன அபராதம் எழுதினார். நீ அதே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். பழக்காரரும் அங்கேதான் நின்றார். எது உண்மை என்று நேரில் பார்த்த ஆள், ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். வீட்டுக்கு வரும்போது நீ அழுதாய். நான் உன் முதுகில் தட்டி, அதெல்லாம் அப்பா பார்த்துக்கொள்வேன் என்றேன். பிள்ளையைக் காப்பாற்றிய பெருமை எனக்கு அன்றைக்கு இருந்தது. அன்று நான் உனக்குக் காட்டியது இதைத்தான்: செய்தது ஒருவர், எழுதுவது இன்னொருவர் பெயர், எல்லோரும் சிரித்துக்கொண்டே டீ குடிக்கலாம். நான் செய்ததற்கும் நீ செய்ததற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நான் என் பெயரைக் கொடுத்தேன், நீ அடுத்தவர் பெயரை எடுத்தாய். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அந்த வித்தியாசத்தை நான் சொல்லித் தரவில்லை. அன்றைக்கே உன்னை எழுப்பி நிறுத்தி, நான்தான் ஓட்டினேன் என்று சொல்ல வைத்திருக்க வேண்டும். பழக்காரரின் முகத்தைப் பார்த்து.

'ஏதாவது பாத்துச் செஞ்சிடலாம்' என்கிறாய். அதற்கும் போய்க் கேட்டுவிட்டேன். பட்டறைச் செலவை நாமே கொடுத்துவிடலாமா என்று சின்னதுரையிடம் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு வசதி இல்லை. ஆனால், "வண்டி ரெடியாவும் சார். நாளைக்கி இன்னொரு ஸ்கூல்ல வேன் கேட்டுப் போனா, செல்போன் பேசிக்கிட்டு ஓட்டுனவன், ஸ்பீடா ஓட்டுனவன்னு கம்ப்யூட்டர்ல வருமே, அத யாரு அழிப்பா?" என்றார். மூன்று மாதம் முடிந்து உரிமம் அவர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. குறிப்பு அப்படியே இருக்கிறது. இதுவரை இரண்டு பள்ளிக்கூடங்களில் கேட்டிருக்கிறார். இரண்டிலும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பணத்தால் நேராகக்கூடியது அந்த வண்டியின் முன்பக்கம் மட்டும்தான்.

அந்த இரண்டு நாளும் ஓட்டியது அவர் இல்லை என்று அலுவலகம் ஏற்றுக்கொண்டால், நிறுத்திவைத்த ஆணையே ரத்தாகும், குறிப்பு போகும். அதை வைத்துக் கிளெய்மை மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கம்பெனி கொடுத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, சாதிக் பாயும் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு வாசல் திறக்கும், அவ்வளவுதான். தெரிந்தே தப்பான படிவத்தில் கையெழுத்துப் போட்டதற்குச் சின்னதுரையிடமும் கேள்வி கேட்பார்கள். அதற்குத் தயாராக இருக்கிறேன் என்கிறார். அவர் கொடுத்த மனுவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வருகிற வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரிக்கிறார்கள்.

திங்கட்கிழமையே நான் அங்கே போய் என் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிச்சயதார்த்தத்திலிருந்து திரும்பிய அன்று காரை ஓட்டியது என் மகன் என்றும், முன் சீட்டில் அவன் பக்கத்தில் நான் இருந்தேன் என்றும், கேமரா எடுத்த படத்தின் ஓரத்தில் தெரிகிற வெள்ளைச் சட்டைத் தோள் என்னுடையது என்றும், படிவத்தைப் படிக்காமல் சின்னதுரையிடம் நீட்டியது நான் என்றும் எழுதினேன். உன் முழுப் பெயரையும் உரிம எண்ணையும் எழுதினேன். இந்தத் தடவை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அங்கிருந்த எழுத்தர், பெற்ற பிள்ளைக்கு எதிராக எழுதித் தருகிறீர்களா என்று கேட்டார். நடந்ததை எழுதித் தருகிறேன் என்றேன்.

ஆனால் மூன்றாவது சீட்டுக்கு நான் சாட்சி இல்லை. நெடுஞ்சாலையில் நீ வேகமாகப் போன அன்று காரில் நீ மட்டும்தான் இருந்தாய். நான் பார்க்காததை எழுதித் தர முடியாது, தரவும் மாட்டேன். நீ வராவிட்டால் ஒரு சீட்டு நீங்கும், வேகத்துக்கான சீட்டு சின்னதுரை மேலேயே இருக்கும், ஆணையும் இருக்கும். அதை உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் மாற்ற முடியும். வந்து சொன்னால் உனக்கு என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பொய்யாக எழுதிக் கொடுத்ததற்கு நடவடிக்கை வரலாம். உன் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம். பயண வேலையில் ஒன்றிரண்டு தள்ளிப்போகலாம். நீ போகிற ஊரில் இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேள்வி கேட்டால், ஆமாம் என்று எழுத வேண்டியிருக்கும். அவர்கள் கூடுதலாகக் கேட்பார்கள். கேட்கட்டும், கட்டு. அது நீ ஓட்டிய வேகத்துக்கான விலை. அதை ரஞ்சன்குடியில் ஒரு குடும்பம் இத்தனை நாளாகக் கட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மாலைக்குள் வந்துவிடு. உன் அம்மா உனக்குச் சமைத்து வைக்கிறாளா என்று தெரியவில்லை, நான் கேட்கவில்லை. வரும்போது ஆக்டிங் டிரைவர் யாரையும் கூப்பிடாதே. நீயே ஓட்டி வா, போனைப் பின் சீட்டில் போட்டுவிட்டு. திரும்பிப் போவதற்குச் சென்னைக்குப் பஸ் இருக்கிறது.

அப்பா
பெரம்பலூர்